வெந்நீர் ஊற்றில் ஒரு குட்டி வண்டு

அமெரிக்காவின் மிசௌலா நகரிலிருந்து லோலோ கணவாயைத் தாண்டினால் மான்டானா மாநிலம் முடிந்து ஐடஹோ தொடங்கிவிடும். அங்கிருந்து லாக்சா ஆற்றை ஒட்டியே இறங்குகிறது 12-ஆம் எண் நெடுஞ்சாலை. பெட்ரோலை மிசௌலா பக்கமே போட்டுக்கொள்வது நல்லது. ஜெர்ரி ஜான்சன் வெந்நீர் ஊற்றுக்கு ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம், அப்புறம் சீடர் மரங்களுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் போல நடை. வருகிறவர்கள் குளிக்கத்தான் வருகிறார்கள், சிலர் துணியே இல்லாமல். குடும்பத்தோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் போனது வண்டு பார்க்க. ஐடஹோவின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஹைட்ரோஸ்காஃபா ரெட்ஃபோர்டி 2010-இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பேரினத்து வண்டுகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. குளத்துக்குள் தேடிப் பயனில்லை. வெந்நீர் மெல்லிய படலமாகப் பாறைமேல் வழியும் இடத்தில், பாசியோடு மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குக் கீழே கசகசா போலப் பழுப்புப் புள்ளிகள்; அவற்றில் ஒன்று நகர்ந்தது! முன்பக்கம் அகலம், பின்பக்கம் கூர்மை. குட்டையான மேலிறக்கை வயிற்றின் நுனியை மூடவில்லை. அந்த மேலிறக்கைக்கு அடியில்தான் மூச்சுக்கான காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

சரி, இதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? குட்டை மேலிறக்கையைப் பார்த்தால் ஸ்டாஃபிலினிட் வண்டு மாதிரி இருக்கிறது. பின்னிறக்கையின் ஓரத்து மயிர்க்குஞ்சமோ, உலகிலேயே மிகச் சிறிய வண்டுகளான டிலிட்களை நினைவூட்டுகிறது. இரண்டுமே ஏமாற்று. உடல் சிறுத்துப் போனால் யாருக்கும் இறக்கை அப்படி ஆகலாம். மைக்ராஸ்கோப்பில் முன்மார்பின் அடியைப் பார்த்தால், மேல்தகட்டுக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவே ஒரு தையல்கோடு தெரியும். வண்டுகளில் பெரும்பாலானவை அடங்கிய பாலிஃபேகா என்ற துணைவரிசையில் (வண்டுகளின் பெரும்பிரிவுகளில் ஒன்று) அந்தக் கோடு கிடையாது. இடது தாடையில் அசையும் பல் ஒன்றும் உண்டு. இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்துத்தான் 1955-இல் வண்டு ஆய்வாளர் ராய் கிரவுசன் இந்தச் சின்ன நீர்வண்டுகளை மிக்சோஃபேகா என்று தனித் துணைவரிசை ஆக்கினார். பெயரிடப்பட்ட வண்டினங்கள் சுமார் 4 லட்சம், துணைவரிசைகள் நான்கே நான்கு. அதில் ஒன்றைச் சுமார் நூறு இனமே உள்ள இவை மட்டும் வைத்திருக்கின்றன. எனக்கு இது புலியைப் பார்ப்பதைவிடப் பெரிய விஷயம். கூட வந்த நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

போகிறவர்கள் சோப்பு, ஷாம்பு கொண்டுபோக வேண்டாம். வழுக்குகிறது என்று பாறைப் பாசியைக் காலால் தேய்த்து எடுப்பவர்களையும் பார்த்தேன். வண்டு சாப்பிடுவது அதைத்தான்.