பட்டமளிப்பு மேடையில் சேவை விருது யாருக்குப் போகிறது?

ரொறன்ரோ பக்கம் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கிற தம்பி தங்கைகளும், அவர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்படுகிற பெற்றோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அந்தச் சேவை விருதுக்கு எத்தனை மணித்தியாலம் தொண்டு செய்திருக்க வேண்டும்? நான் தரம் 12 முடித்த வருடம் எங்கள் பள்ளியில் சேவைக்கும் தலைமைத்துவத்துக்குமான விருதை எனக்குத் தந்தார்கள். அதிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் ஏதோ ரகசியம் வைத்திருக்கிற ஆள். ரகசியம் ஒன்றும் இல்லை. மணித்தியாலக் கணக்கு உங்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே மேசையைச் சுற்றி இருந்து தெரிவு செய்கிற ஆசிரியர்கள் பேசுவது வேறு விஷயம். அந்தக் குழுவில் பல வருடம் இருந்த ஒரு ரீச்சர் பிறகு எனக்குச் சொன்னார், பெயர் வந்ததும் அவர்கள் முதலில் கேட்பது, இந்தப் பிள்ளை தொடங்காவிட்டால் எது நடந்திருக்காது, இந்தப் பிள்ளை போன பிறகும் எது நடக்கப்போகிறது என்றுதானாம்.

எது எந்த விருது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கனடாவில் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலின் வெண்கலப் பதக்கம் 1873இல் தொடங்கிய பழைய வரிசையில் வருவது, அது பள்ளியிலேயே கூடிய சராசரி எடுத்தவருக்கு, அதில் சேவைக்கு இடமே இல்லை, கணக்குப் போட்டால் பெயர் வந்துவிடும். மன்னரின் மாகாணப் பிரதிநிதியான லெப்டினன்ட் கவர்னரின் பெயரில் ஒன்றாரியோ மாகாணத்தில் மாணவர்களுக்கு இருக்கிற சமூகத் தொண்டர் விருது, கட்டாயத் தொண்டு மணித்தியாலத்தை நன்றாகத் தாண்டிச் செய்த ஒருவரை அதிபர் பரிந்துரைப்பது. இவற்றுக்கு வெளியே ஒவ்வொரு பள்ளியும் தானே கொடுக்கிற விருதுகள் உண்டு, பெயர்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும், சிலவற்றுக்கு வசந்தகாலத்தில் ஒரு போர்ம் நிரப்ப வேண்டும், சிலவற்றுக்கு ஆசிரியர்கள் தாங்களாகவே பெயர் கொடுப்பார்கள். மாணவருக்கு வழிகாட்டுகிற கைடன்ஸ் அறையிலோ பள்ளியின் சமயப் பொறுப்பாளரான சாப்லினிடமோ போய் எங்கள் பள்ளியில் எப்படி என்று தரம் 11லேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி அந்தக் கட்டாயமான 40 மணித்தியாலச் சமூகத் தொண்டு. 1999இல் தரம் 9க்குப் போனவர்களிலிருந்து ஒன்றாரியோவில் இது கட்டாயம், இல்லாவிட்டால் 30 கிரெடிட் இருந்தும் டிப்ளோமா வராது. தரம் 8 முடிந்து வருகிற கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வகுப்பு நேரத்தில் செய்தது கணக்கில் வராது, ஆனால் மதிய இடைவேளையிலும் வகுப்பு இல்லாத ஸ்பெயார் பாடவேளையிலும் செய்தது வரும். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலை வராது, ஆகவே மாமாவின் கடையில் நின்று போர்மில் கையெழுத்து வாங்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். மாகாணத்தின் ‘செய்யக்கூடாதவை’ பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், 16 வயதுக்குக் கீழே சுரங்கத்திலும் மரம் வெட்டுகிற இடத்திலும் தொண்டு செய்யக்கூடாது என்று இருக்கும், நகையையும் பழம்பொருளையும் கையாளக்கூடாது என்றும் இருக்கும், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் யார் சுரங்கத்துக்குப் போகிறார்களோ தெரியாது. வேடிக்கையை விட்டால், அந்தப் பட்டியலில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஒன்று: உங்கள் கல்விச்சபை அங்கீகரித்த வகைகளுக்குள் வராத எதையும் செய்யத் தொடங்குவதற்கு முன்பே அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றுவிட்டுப் பிறகு போர்மைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

சரி, 40 முடிந்தது, இனி? ஒரு அன்ரி போனில் கேட்டார், “பிள்ளை, என்ரை மகன் முந்நூறுக்கு மேலை செய்தவன், அவனுக்குக் கிடைக்கேல்லை, அந்தப் பிள்ளைக்கு எப்பிடிக் கிடைச்சது?” அந்தத் தம்பியை எனக்குத் தெரியும், நல்ல பிள்ளை, ஆனால் அவன் செய்தது பத்துப் பன்னிரண்டு இடங்களில் துண்டு துண்டாக: இங்கே ஒரு ஓட்டப்போட்டியில் தண்ணீர் கொடுத்தது, அங்கே ஒரு நூலகத்தில் கோடைகால வாசிப்பு, இன்னொரு இடத்தில் உணவு வங்கிக்கு ரின் உணவு அடுக்கியது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் அவனைப் பற்றி ஒரு பந்தி எழுதக்கூடிய அளவுக்கு அவனைப் பார்த்தவர் எந்த இடத்திலும் இல்லை. பரிந்துரை எழுதுகிறவருக்கு எண் உதவாது, அவருக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும்.

என்னுடைய கதை காலைச் சாப்பாடு. எங்கள் பள்ளியில் காலை உணவுத் திட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது, ரொறன்ரோவில் பல பள்ளிகளில் இருக்கிற மாதிரி, ஒரு சின்ன அறையில் பேகல், சீஸ் ஸ்ட்ரிங், அப்பிள், தோடம்பழம். நான் தரம் 10இல் சேர்ந்தபோது அங்கே வருகிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பசி இல்லாததால் அல்ல. அந்த அறைக்குள் போவதைக் கண்டால் ‘வீட்டில் சாப்பாடு இல்லாதவன்’ என்று நினைப்பார்கள் என்று பிள்ளைகளுக்குப் பயம், ஒருத்தி வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நானே பலதடவை கண்டிருக்கிறேன். நாங்கள் செய்ததெல்லாம் சாப்பாட்டை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி முன்வாசலுக்குக் கொண்டுவந்ததுதான். பஸ்ஸால் இறங்கி வருகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், கூடைப்பந்து அணிப் பெடியன்கள் கை வைத்தால் பிறகு யாரும் யோசிக்க மாட்டார்கள், அதனால் அவர்களில் இரண்டு பேரையே வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். இன்னொன்று, தோடம்பழம் அப்படியே மிஞ்சிக் கிடக்கும், உரித்தால் கை பிசுபிசுக்கும் என்று யாரும் எடுப்பதில்லை. காலையில் கொஞ்சம் முன்னாலே வந்து நாலாக வெட்டி வைத்தோம், முதல் மணி அடிப்பதற்குள் தட்டு காலி.

இதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் சாப்லின் என்னிடம் கேட்ட கேள்வியில்தான் எல்லாமே மாறியது. “உனக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்கு வண்டி வருமா?” என்று கேட்டார். வராது. சாவி, கடைக்கு எழுதுகிற பட்டியல், எந்த வகுப்புக்கு என்ன ஒவ்வாமை என்ற விவரம், எல்லாம் என் தலைக்குள்ளும் என் பைக்குள்ளும். அதன் பிறகு தரம் 10 பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பழக்கினோம், அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினோம், திங்கள் என்ன வாங்குவது, வெள்ளி என்ன மிஞ்சக்கூடாது என்று. தரம் 12 கடைசி மாதங்களில் நான் பல காலைகள் போகவே இல்லை, வண்டி வந்தது. விருதுக்குழுவில் பேசப்பட்டது நான் வெட்டிய தோடம்பழத்தைப் பற்றி இல்லையாம், அந்தத் தாளைப் பற்றித்தானாம். ஆகவே நீங்கள் எதைச் செய்தாலும் உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளையை இப்பவே தேடிப்பிடியுங்கள்.

பதவி பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர் சபைத் தலைவர், கல்விச்சபையில் மாணவர் பிரதிநிதி, ரொறன்ரோ கத்தோலிக்கக் கல்விச்சபையின் மாணவர் தலைமைத்துவ அணி, இவையெல்லாம் நல்ல பயிற்சிக்களம், கூட்டம் நடத்தப் பழகலாம், பெரியவர்களோடு முரண்படாமல் மறுத்துப் பேசப் பழகலாம். கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் குடிமுழுகாது. பதவிச் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நாலு வருடம் படம் எடுத்தவர்களை ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

‘நாங்கள் சைவம், எங்களுக்குக் கத்தோலிக்கப் பள்ளியில் விருது தருவார்களா?’ இதைப் பலர் மெதுவாகத்தான் கேட்பார்கள். நானும் சைவம்தான். ஒன்றாரியோவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மாகாண அரசுதான் பணம் கொடுக்கிறது, உயர்நிலை வகுப்புகள் முழுவதற்கும் அந்தப் பணம் வரும் என்று 1984இல் மாகாண முதல்வர் பில் டேவிஸ் அறிவித்ததற்குப் பிறகு, உயர்நிலைப் பள்ளிகள் மற்றச் சமயப் பிள்ளைகளுக்கும் திறந்தன. நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை. அதே நேரம் சமய வகுப்பை ஒரு தண்டனை மாதிரி எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் நித்திரை கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், பள்ளி ‘சேவை’ என்று எதைச் சொல்கிறது என்பதை அந்த வகுப்பில்தான் விளங்கிக்கொள்ளலாம். பைபிளில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பசித்தவனுக்குக் கொடுத்ததும் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்ததும் வருகிறதே, அங்கே கேட்கப்படுகிற கேள்வி முழுவதும் செயலைப் பற்றியது. பிரெட்ரிக் ஓசானாம் என்ற மாணவன் 1833இல் பாரிஸில் நண்பர்களோடு சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போகத் தொடங்கியபோது அவருக்கு வயது 20, ‘உங்கள் திருச்சபை இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது’ என்று விவாதத்தில் எதிர்த்தரப்பு மடக்கியதற்கு அவர் கொடுத்த பதில் அது, இன்றைக்குப் பல ஊர்களில் இருக்கிற வின்சென்ட் டி போல் சபை அப்படித்தான் பிறந்தது. தரம் 11இல் உலகச் சமயங்கள் பாடம் வரும், அங்கே உங்களைத் தைப்பூசம் பற்றிப் பேசச் சொல்வார்கள், பேசுங்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் 25 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து நிதி சேர்க்கிற திங்க்ஃபாஸ்ட் நடந்தால், கந்தசஷ்டிக்கு விரதம் இருந்து பழகிய வீட்டுப் பிள்ளைகள் அதை ஊதித் தள்ளிவிடலாம்.

எனக்கு மனம் ஒப்பாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பின்னேரம் முழுவதும் தம்பியைப் பார்க்கிறவர்கள், அம்மம்மாவை டயாலிசிசுக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்கிறவர்கள், வீட்டு வாடகைக்காக வார இறுதியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடையில் வேலைக்கு நிற்கிறவர்கள், இவர்களுக்கு இந்த 40 மணித்தியாலமே பெரிய பாடு. வீட்டு வேலை கணக்கில் வராது என்று விதி சொல்கிறது. ஆனால் ஒன்றாரியோவின் கத்தோலிக்கப் பள்ளிகள் தங்கள் பட்டதாரியிடம் எதிர்பார்க்கிற ஏழு குணங்கள் என்று ஒரு பட்டியலைச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றன, அதில் ஒன்று அக்கறையுள்ள குடும்ப உறுப்பினர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கோ இடிக்கிறது அல்லவா? விதியை மாற்ற எங்களால் முடியாது, ஆனால் விருதுப் போர்மில் குடும்பப் பொறுப்பைப் பற்றி எழுதக்கூடாது என்று எங்கும் தடை இல்லை. அழுது எழுத வேண்டாம். என்ன பொறுப்பு, எத்தனை காலமாக, அதனால் எதைக் கற்றீர்கள், எதை விட வேண்டி வந்தது, நேராக எழுதுங்கள். பரிந்துரை எழுதுகிற ஆசிரியரிடமும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு நீங்கள் கூட்டத்துக்கு வராத பிள்ளை மட்டும்தான்.

பரிந்துரைக்கு வருவோம். போகிற போக்கில் காரிடாரில் நிறுத்தி “மிஸ், ஒரு லெற்றர் தருவீங்களா” என்று கேட்காதீர்கள். குறைந்தது மூன்று கிழமை முன்னால், ஒரு பக்கத் தாளோடு போங்கள். அந்தத் தாளில் நீங்கள் செய்தது, எப்போதிலிருந்து எப்போது வரை, யார் பொறுப்பாளர், உங்களால் எது மாறியது என்பதெல்லாம் இருக்க வேண்டும். இதற்காகவே போனில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு வரி போதும், தரம் 9இல் செய்தது தரம் 12இல் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கூடிய மார்க் தந்த ஆசிரியரைவிட, நீங்கள் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்த்தவரையே கேளுங்கள். எங்கள் வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் காலையில் கதவு திறக்கிற பராமரிப்பாளர்தான், அவரிடம் கேட்டு எழுதிய இரண்டு வரியை என் ரீச்சர் தன் கடிதத்தில் சேர்த்திருந்தார்.

நீங்களே எழுத வேண்டிய பகுதியில் ‘சமூகத்துக்குச் சேவை செய்வதில் எனக்குப் பேரார்வம்’ என்று தொடங்குகிற வசனத்தை அழித்துவிடுங்கள், அடுத்த பிள்ளையும் அதையேதான் எழுதியிருக்கும். எது சரிவரவில்லை, அதற்கு என்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதினால் வாசிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். ஏஐயில் எழுதி ஒட்டினால் உங்களை நாலு வருடம் தெரிந்த ஆசிரியர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியாக, பெற்றோர் கட்டாயம் கேட்கிற கேள்வி: இது யூனிவர்சிற்றி கிடைக்க உதவுமா? விருதாக உதவாது, காலக்கணக்கைப் பாருங்கள். பள்ளிகள் விருதை அறிவிப்பது பெரும்பாலும் பட்டமளிப்பை ஒட்டி, அதற்குள் அனுமதிகள் வந்து நீங்கள் அவற்றை ஏற்றுக்கொண்டும் முடித்திருப்பீர்கள். அதோடு ஒன்றாரியோ பல்கலைக்கழகங்கள் பல துறைகளுக்குப் பார்ப்பது தரம் 12இன் சிறந்த ஆறு பாடங்களின் சராசரியைத்தான். சேவைக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், கால்குலஸ் பரீட்சைக்கு முதல்நாள் நிதி திரட்டப் போகாதீர்கள். ஆனால் வாட்டர்லூ பொறியியல், மக்மாஸ்டர் சுகாதார விஞ்ஞானம் போன்றவை தனியாகக் கேள்வி கேட்டு எழுதச் சொல்கின்றன, அங்கே நீங்கள் வைத்திருந்த குறிப்பு அப்படியே கைகொடுக்கும். உதவிப்பணமும் இருக்கிறது. ரிடி வங்கியின் சமூகத் தலைமைத்துவ உதவிப்பணம் கனடா முழுவதிலும் 20 பேருக்கு, நாலு வருடத்துக்கு 70,000 டொலர் வரை, கேட்கிற சராசரி 75 வீதம்தான், மிச்சம் முழுவதும் நீங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான். லோரன் உதவிப்பணமும் குணம், சேவை, தலைமைத்துவம் என்றுதான் பார்க்கிறது. இரண்டுக்கும் தரம் 12இன் இலையுதிர்காலத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும், அதாவது பள்ளி விருது பற்றி யாரும் யோசிக்கத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்னால். எனவே தரம் 11 முடிகிற கோடையில் அந்த ஒரு பக்கத் தாளை எழுதி முடியுங்கள், செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் கிழமையே பரிந்துரை கேளுங்கள், அக்டோபர் வந்தால் எல்லோரும் அந்த ஒரே ரீச்சரிடம்தான் வரிசையில் நிற்பார்கள்.