பழைய கோயிலில் கை வைக்கும் முன்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் புராட்டஸ்டண்ட் சபையார் ஆலயத்தைக் 'கோயில்' என்றுதான் சொல்வார்கள். முதலில் பனையோலைக் கொட்டகை, பிறகு ஓட்டுக்கூரை, கடைசியில் கல்லும் சுண்ணாம்பும் என்று பெரும்பாலும் படிப்படியாக வளர்ந்தவை இவை. இடையன்குடிக்கு மிஷனரி கால்டுவெல் வந்தது 1841-ல். அவர் எழுப்பிய தூய திரித்துவ ஆலயம் பிரதிஷ்டையானது 1880-ல். ஒரு தலைமுறைக்கும் மேல் எடுத்துக் கட்டிய கோயில் அது. கொடைக்கானலில் 1891-ல் காலமான அவரது உடலும் அந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கோயில்களுக்கு இன்று பெரிய ஆபத்து, நல்லெண்ணத்தோடு செய்யும் புதுப்பிப்புதான். பண்டிகை நெருங்கினால் சிமெண்டும் கிரானைட்டும் வந்து இறங்கிவிடுகின்றன.

பழைய சுவர்களின் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் காய்ந்து போகும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபட்டு, இன்னும் மேலே ஏறும். மூன்றடிக்குப் பூசினால் நான்கடியில் சுவர் பொரியும். அங்கே பூக்கும் உப்புதான் செங்கல்லைத் தின்கிறது. எனவே சுண்ணாம்பையே பூச வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்குள் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்க்கலாம். சரியாக நீறாத கட்டி ஒன்று கலந்துவிட்டாலும், பூசிய பிறகு சுவரிலேயே உப்பித் தெறித்துச் சின்னச் சின்னக் குழி விழும். ஒரு கோட் அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஈரச்சாக்கு கட்டி நிதானமாகக் காயவிட வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு நிச்சயம்.

தரையில் செய்யும் தவறு இன்னும் வருத்தமானது. பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே கலவையும் கிரானைட்டும் போட்டால் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்துவிடும். பீடத்துக்கு ஏறும் முதல் படி குட்டையாகி, வயதானவர்கள் கால் இடறுவார்கள். ஞானஸ்நானத் தொட்டியின் அடிப்பீடமும் தூண்களின் அடிக்கட்டும் புதைந்து போகும். தரையில் பதித்த நினைவுக்கல் இருந்தால், அதிலுள்ள பெயரை இனி யாரும் படிக்க முடியாது. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பாயில் உட்கார்ந்து ஆராதித்த தரை அது. பெஞ்சு பின்னால் வந்தது. பிரசங்க பீடம் அவ்வளவு உயரமாக இருப்பதும் சும்மா இல்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் போதகரின் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும்.

தேக்குக் கிராதிக்கும் பெஞ்சுக்கும் எனாமல் பெயிண்ட் வேண்டாம். அதை அடித்துவிட்டால் கரையான் உள்ளே அரிப்பது கடைசி வரை வெளியே தெரியாது. பெஞ்சுக் கால்களுக்கு அடியில் சிறு கல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் கரையான் ஏறும் தடம் கண்ணில் படும்.

மணி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் கடினமானது. ஆனால் அடி தாங்காமல் விரிசல் விடக்கூடியது. ஆடாமல் தொங்கும் மணியின் நாக்கில் நேராகக் கயிறு கட்டி வேகமாக இழுத்தால், நாக்கு அடித்தவுடன் விலகாமல் மணியின் உதட்டில், அதாவது விளிம்பில், அழுந்தி நிற்கும். பல மணிகள் உடைவது அப்படித்தான். நாக்கு மணியைவிட மென்மையான இரும்பில் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அடித்து உதட்டில் பள்ளம் விழுந்திருந்தால், மணியைக் கால் சுற்று திருப்பி மாட்டலாம். ஓசை திடீரென்று கரகரத்தால் உடனே அடிப்பதை நிறுத்திவிட்டு விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் தட்டுப்பட்டால் உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் அந்த விரிசல் மேலே ஓடிவிடும். முழு மணியையும் உலையில் சீராகச் சூடாக்கி ஒட்டத் தெரிந்தவர் கிடைக்கும் வரை அது அடிக்கப்படாமல் தொங்கட்டும்.