சுண்ணாம்பு பட்ட கண்ணும் இரண்டு வீண் அலைச்சலும்

போகிக்கு முந்தின நாள் மொட்டைமாடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது இடது கண்ணில் தெறித்தது. குழாயடியில் அரைமணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பத்து நாளில் ஆறிவிட்டது. அதுவரை யாரையும் குறை சொல்வதற்கில்லை.

பிப்ரவரி கடைசியில் கண் மறுபடி சிவந்து, பார்வையும் மங்கியது. வலி மட்டும் துளியும் இல்லை. வலிக்காத கண்ணுக்கு யார் லீவு போட்டு டாக்டரிடம் போவார்கள்? தெருமுனை மருந்துக்கடையில் "கண்ணு சிவப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கி மூன்று வாரம் விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டரிடம் அந்தக் குப்பியைக் காட்டியபோது அவர் முகம் போன போக்கே சரியில்லை. மருந்து கெடாமலிருக்க அதில் சேர்த்திருந்த பென்சல்கோனியம் குளோரைடு, ஏற்கெனவே புண்ணான கருவிழியை இன்னும் அரிக்குமாம்.

பஞ்சை நூலாகத் திரித்து வலது கண்ணில் தொட்டார், துள்ளிவிட்டேன். இடது கண்ணுக்குக் காத்திருந்தேன். "தொட்டாச்சு சார்" என்றார். வயிற்றைக் கலக்கியது. சுண்ணாம்பின் காரம் கருவிழியின் நரம்புகளைப் பொசுக்கியிருக்கிறது. அந்த நரம்புகள் வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை; கண்ணீரைச் சுரக்கவைத்து, இமைக்கவைத்து, மேல்தோலுக்கு ஊட்டமும் கொடுக்கின்றன. அவை போனால் புண் ஆறாது.

செனெஜெர்மின் என்று ஒரு சொட்டு மருந்து உண்டு, 2018-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 1986-ல் நோபல் வாங்கிக்கொடுத்த நரம்பு வளர்ச்சிப் புரதத்தை வைத்துச் செய்தது. விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம். நம் ரத்தத்திலிருந்தே சீரம் என்கிற தெளிந்த நீரைப் பிரித்து, உப்புநீரில் 20 சதவீதமாகக் கலந்து சொட்டாக விடலாம், அந்தப் புரதம் அதிலும் கொஞ்சம் இருக்கிறது என்றார். சரி என்றேன்.

பெரம்பூரிலிருந்து ரயில், பஸ் மாறி ரத்தம் கொடுக்கப் போனால், எச்ஐவி, மஞ்சள் காமாலை ரிப்போர்ட் எங்கே என்றார் கவுண்டரில் இருந்தவர். முந்தின நாள் போனில் "சும்மா வாங்க" என்று சொன்னதும் அதே கவுண்டர்தான். அடுத்த தடவை ரிப்போர்ட் இருந்தது, டாக்டர் எழுதிய படிவம் நகலாகப் போய்விட்டது. அசல் ஃபைலில், ஃபைல் மூன்றாம் மாடியில், மூன்றாம் மாடியில் சாப்பாட்டு நேரம். மூன்றாம் தடவைதான் ஊசி குத்தினார்கள். போகிறவர்கள் அசல் எது, நகல் எது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தெர்மாகோல் பெட்டியும் நீங்களே கொண்டுபோகவேண்டும், யாரும் சொல்லமாட்டார்கள்.

குப்பிகள் ஃப்ரீசரில் இருக்கவேண்டும், எடுத்ததைக் கீழ்த்தட்டில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கவேண்டும், உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. மே மாதம் ஒருநாள் காலையில் போன கரண்ட் இரவுதான் வந்தது. மீன்கடை அண்ணனிடம் ஐஸ் வாங்கி, குப்பிகளை இரண்டு கவரில் சுற்றிப் புதைத்தேன். இரண்டு குப்பி உருகிப்போயின, மற்றவை தப்பின. வீடெல்லாம் வஞ்சிரம் வாடை. "கண்ணுக்கா, கொழம்புக்கா?" என்றாள் அம்மா.

புண் ஜூனில் மூடியது. ஆகஸ்டில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணும் லேசாக எரிந்தது. இத்தனை மாதமாக வலது கண் மட்டும்தான் அழுதுகொண்டிருந்தது. அடுப்பில் இருந்ததை மறந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த தடவை பஞ்சு நூல் பட்டபோது ஓரத்தில் தெரிந்தது, நடுவில் தெரியவில்லை. நரம்பு ஓரத்திலிருந்துதான் உள்ளே வளர்ந்து வரும், மெதுவாகத்தான் வரும் என்கிறார் டாக்டர். அடுத்த சுற்று ரத்தத்துக்குத் தேதி வாங்கியாயிற்று. படிவத்தின் அசலை இந்த முறை நானே வாங்கி வைத்திருக்கிறேன்.