பாப்பா வெஸ்ட்ரே: ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

ஸ்காட்லாந்தின் வடகோடியையும் தாண்டி, ஆர்க்னித் தீவுக்கூட்டத்தின் வடக்கு ஓரத்தில் கிடக்கிறது பாப்பா வெஸ்ட்ரே. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'பாப்பே'. நீளம் ஆறரை கிலோமீட்டர், அகலம் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். 2011 கணக்கெடுப்பில் 90 பேர் இருந்தார்கள். வெளியே இதன் பெயர் பரவியது விமானத்தால். பக்கத்துத் தீவான வெஸ்ட்ரேயிலிருந்து இங்கே வரும் லோகன்ஏர் விமானம்தான் கால அட்டவணைப்படி ஓடும் சேவைகளில் உலகிலேயே குறுகியது. தூரம் 2.7 கிலோமீட்டர், நேரம் இரண்டு நிமிடம், சாதனை 53 வினாடி. 1967 முதல் ஓடுகிறது.

அந்த இரண்டு நிமிடத்துக்காகவே வந்து, இறங்கிய கையோடு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போய்விட்டு அப்படித் திரும்புவது வீண் செலவு.

முதலில் டிக்கெட். ஆர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வாலிலிருந்து கிளம்பும் விமானம் எல்லாமே வெஸ்ட்ரே வழியாகப் போவதில்லை. சில நேராக பாப்பேயில் இறங்கிவிடும், சில பாப்பேயைத் தொட்டுவிட்டு வெஸ்ட்ரே போகும். குறும்பயணம் வேண்டுமென்றால், எந்தத் தீவு முதலில் என்று அட்டவணையில் பார்த்தபிறகு பதிவு செய்யுங்கள். விமானம் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். எட்டுப் பேர்தான் ஏறலாம். எடையைப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள், ஜன்னலோரம் கேட்டு அடம்பிடித்துப் பயனில்லை. பெட்டி 15 கிலோவுக்குள் இருக்கட்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைவிடத் துணிப்பை நல்லது.

கோடையிலும் கடல்மூட்டம் திடீரென்று இறங்கும். அங்கே அதற்கு 'ஹார்' என்று பெயர். ஹார் இறங்கினால் விமானம் நின்றுவிடும். அப்போது கடல்வழிதான் கதி: கிர்க்வாலிலிருந்து கார் ஏற்றும் கப்பலில் வெஸ்ட்ரேயின் ராப்னெஸ்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் பியரோவால், பிறகு சின்னப் படகில் அரைமணிக்குள் பாப்பேயின் மாக்லெட் துறை. திரும்பும் நாளன்றே லண்டன் விமானத்துக்கு டிக்கெட் போட்டு வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மூட்டத்தால்தான். நடுவில் ஒரு நாள் காலியாக விடுங்கள்.

தீவின் நடுவில் ஹாலண்ட் பண்ணை. குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டிய வட்டக் கட்டடம், தானியம் உலர்த்தும் சூளை, புறாக்கூண்டு, பழைய பண்ணைச் சாமான்களோடு ஒரு சின்ன அருங்காட்சியகம் எல்லாம் இங்கே. அரைமணி போதும். பண்ணையைத் தாண்டி மேற்குக் கரைக்கு இறங்கும் பாதையில்தான் முக்கியமான விஷயம்.

நாப் ஆஃப் ஹோவர். கி.மு. 3700 வாக்கில் கட்டிய கல்வீடு. வட ஐரோப்பாவில் இன்னும் நிற்கும் வீடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஆர்க்னியிலேயே பேர்போன ஸ்காரா பிரேயைவிட ஐந்நூறு ஆண்டு மூத்தது. சுவர்கள் 1.6 மீட்டர் வரை நிற்கின்றன. இரண்டு கட்டடங்கள் தோளோடு தோளாக, நடுவே ஒரு தாழ்ந்த இடைவழி. வாசலில் நன்றாகக் குனிய வேண்டும், நிமிரும் அவசரத்தில் மேற்கல்லில் தலை இடிக்கும். பெரிய வீட்டுக்குள்ளே செங்குத்தாக நட்ட பலகைக்கற்கள் தடுப்பு. உள்ளறையில் தானியம் அரைத்து அரைத்துக் குழிந்த கல் அப்படியே கிடக்கிறது. இடைவழியில் நுழைந்தால் சின்னக் கட்டடம். அதன் சுவரில் அலமாரி மாதிரி மாடங்கள், சாமான் வைக்க. கட்டியபோது கடல் தள்ளி இருந்தது. அரித்து அரித்து இன்று வாசற்படி வரை வந்து நிற்கிறது. மூடியிருந்த மணலை 1930 வாக்கில் விலக்கினார்கள்; 1970களில் முறையாகத் தோண்டிப் பார்த்தார்கள். சீட்டு இல்லை, காவலாள் இல்லை. மாலை வெயிலில் போங்கள்: வாசல் கடல்பக்கம் பார்த்திருப்பதால் அப்போதுதான் உள்ளே வெளிச்சம் விழும்.

அதே கரையில் வடக்கே நடந்தால் புனித போனிஃபஸ் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 1993இல் புதுப்பித்தது. முற்றத்தில், பன்றி முதுகு போல வளைந்த நார்ஸ் (வைக்கிங்) காலக் கல்லறைக்கல்லைத் தேடிப் பாருங்கள்.

வடகோடி நார்த் ஹில் பறவைக் காப்பிடம். மே நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை ஆர்க்டிக் ஆலாக்கள் தரையிலேயே முட்டையிட்டுக் காக்கும். கிட்டே போனால் உச்சந்தலையில் கொத்தும், தொப்பி போதாது. உயரமான இடத்தைத்தான் அவை குறிவைக்கும், அதனால் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் குச்சியைக் கொத்திவிட்டுப் போகும். கரையோரமாகவே நடக்க வேண்டும், நடுவெளிக்குள் போனால் முட்டை மிதிபடும். அந்தப் புல்தரையிலேயே ஸ்காட்டிஷ் பிரிம்ரோஸ் இருக்கிறது. ஊதாப்பூ, நடுவில் மஞ்சள், விரல் உயரம்கூட இருக்காது. ஸ்காட்லாந்தின் வடகரையும் ஆர்க்னியும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மே மாதம் ஒருமுறை, ஜூலை ஆகஸ்டில் மறுமுறை பூக்கும். நடுவில் வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கிழக்குப் பாறைச்சரிவு ஃபவுல் கிரெய்க். பறக்க முடியாத பெரும் ஆக் பறவை ஆர்க்னியில் கடைசியாக இருந்த இடம். 1813இல் ஒரு சேகரிப்பாளருக்காகச் சுட்டார்கள். பாடம் செய்த உடல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, இங்கே ஒரு நினைவுச்சின்னம்தான்.

எதிரே தெரியும் குட்டித் தீவுக்குப் படகு வேண்டும், அட்டவணை கிடையாது. தங்குமிடத்திலோ தீவின் ரேஞ்சரிடமோ முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அலை சரியில்லையென்றால் முடியாது என்பார்கள், வற்புறுத்தாதீர்கள். அங்கே புல்மேட்டுக்குள் கி.மு. 3000 வாக்கிலான கல்லறை. கூரையிலுள்ள மூடியைத் திறந்து ஏணியில் இறங்க வேண்டும். உள்ளே 20 மீட்டர் நீளக் கூடம், சுற்றிலும் பன்னிரண்டு சிற்றறைகள், அவற்றுக்குத் தவழ்ந்துதான் போகலாம். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள்: நேராக அடித்தால் வெறும் கல்லாகத் தெரிவது, பக்கவாட்டு ஒளியில் புருவம் போன்ற வளைவுச் செதுக்கலாக எழுந்து வரும். முழங்கால் நனையும், மாற்றுக் கால்சட்டை எடுத்துப் போங்கள்.

தங்க பெல்டேன் விடுதி இருக்கிறது, பக்கத்திலேயே கடை. இரண்டையும் தீவுக்காரர்களின் கூட்டுறவே நடத்துகிறது. கடை நாள்முழுக்கத் திறந்திருக்காது. வந்து இறங்கியதும் கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்து ரொட்டி, பால் வாங்கிவிட்டு, அப்புறம் நாப் ஆஃப் ஹோவருக்கு நடங்கள்.