வெள்ளிக்கிழமை ரிக் கணக்கு

வெள்ளிக்கிழமை மதியம் 12 மணி ஆனால் அமெரிக்க எண்ணெய் நகரமான மிட்லண்டில் பலரும் போனை எடுத்துப் பார்ப்பார்கள். எண்ணெய்க்கிணறு சேவை நிறுவனமான பேக்கர் ஹியூஸ் அந்த வாரம் எத்தனை ரிக் (கிணறு துளைக்கும் இயந்திரம்) ஓடுகிறது என்று வெளியிடும் நேரம் அது. 1944 முதல் நடக்கும் கணக்கு. மேற்கு டெக்சாஸின் பெர்மியன் பேசின் என்னும் எண்ணெய்ப் படுகையில் மட் லாகராக (கிணற்றிலிருந்து வரும் பாறைத் துகளைச் சோதிப்பவனாக) வேலை பார்க்கும் நானும் அதைப் பார்க்காமல் இருந்ததில்லை. எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் இன்று சொல்கிறது. எண்ணெய் எவ்வளவு வரும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

2014 கடைசியில் பெர்மியனில் மட்டும் 560க்கு மேல் ரிக் ஓடியது. அப்போது உற்பத்தி நாளுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கும் கீழே. பத்து வருடம் கழித்து, 2024 முடியும்போது ரிக் 300ஐ ஒட்டி. உற்பத்தியோ 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் இருமுறை பாதாளம். எண்ணெய் 26 டாலருக்கு விழுந்த 2016இல் ரிக் எண்ணிக்கை 130ஐ ஒட்டி வந்து நின்றது. 2020 ஏப்ரல் 20 அன்று விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்தக் கோடையில் 120 ரிக் கூட இல்லை.

இந்த எண்களை ஒரே கோட்டில் போட்டு "வீழ்ச்சி" என்று தலைப்பு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2014இன் ரிக்குகளில் கணிசமானவை பெர்மியனின் ஸ்ப்ராபெர்ரி பகுதியில் நேர்க்குத்தாகக் கிணறு போட்டவை. ஒரு கிணறு, ஒரு துளை, பிறகு ரிக்கைக் கழற்றி லாரிகளில் ஏற்றி அடுத்த இடம். விலை விழுந்ததும் முதலில் நின்றவை அவைதான், அவற்றில் பெரும்பாலானவை திரும்பி வரவேயில்லை. இன்று ஓடும் ரிக் வேறு ஜாதி. ஒரே பேடில் (ரிக் நிற்கும் சமப்படுத்திய இடத்தில்) வரிசையாகக் கிணறுகள். ஒன்றை முடித்ததும் ரிக் நிமிர்ந்தபடியே தன் ஹைட்ராலிக் கால்களில் சில அடி நகர்ந்து அடுத்ததைத் தொடங்கிவிடும். கீழே ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி இறங்கி, வுல்ஃப்கேம்ப் என்னும் எண்ணெய்ப் பாறை அடுக்கைத் தொட்டதும் படுக்கையாகத் திரும்பி இரண்டு மைல் போகும் கிணறு இரண்டு வாரத்துக்குள் முடிவது இப்போது சாதாரணம். இந்தப் படுகையின் பெயரை உலகத்துக்குச் சொன்ன 1923இல் முடிந்த சான்டா ரீட்டா முதல் கிணற்றை மூவாயிரம் அடி சொச்சம் இறக்க 646 நாள் ஆனது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

கிணற்றின் படுக்கைப் பகுதியான லேட்டரலின் நீளமும் வருடத்துக்கு வருடம் கூடுகிறது. முன்பு ஒரு மைல், பிறகு இரண்டு, இப்போது மூன்று. பெர்மியனின் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றான பயனியரை எக்ஸான்மோபில் 2024 மே மாதம் வாங்கி முடித்தபோது, இரண்டு பேரின் நிலமும் ஒட்டிக் கிடப்பதால் நான்கு மைல் வரை போகலாம் என்றது. ஒரு மைல் கிணறுகள் நான்கின் வேலையை ஒரே கிணறு செய்தால், கிணற்றை எண்ணுவதிலும் பொருள் குறைந்துவிடுகிறது. துளைத்த அடியை எண்ணினால்தான் வருடத்துக்கு வருடம் ஒப்பிட முடியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஷேல் என்னும் இறுகிய பாறையில் போடும் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். டிரெட்மில்லில் ஓடுவதுபோல, இருக்கிற இடத்தில் நிற்கவே புதுக் கிணறு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ரிக் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் உற்பத்தி நிச்சயம் சரியும். ஆனால் உடனே தெரியாது. துளை போட்டு, ஃப்ராக் (அழுத்த நீரால் பாறையைப் பிளப்பது) செய்யாமல் விட்ட கிணறுகள் கையிருப்பாக இருக்கும். முதலில் அவற்றைத் திறப்பார்கள். 2020க்குப் பிறகு நடந்தது அதுதான். ரிக் கணக்கில் ஏறாமலே எண்ணெய் வந்தது.

ரிக்கை எண்ணும் கணக்கில் நேரடியாக வராதவர்கள் மனிதர்கள். ஒரு ரிக்கில் ஒரு ஷிஃப்டுக்கு ஐந்தாறு ரஃப்நெக்குகள் (ரிக் தொழிலாளர்கள்). இரண்டு ஷிஃப்ட். இரண்டு வாரம் முடித்து ஊருக்குப் போனவர்களுக்கு மாற்று ஆட்கள். ரிக்கை மேற்பார்க்கும் டூல்புஷர், எண்ணெய் நிறுவனத்தின் ஆளான கம்பெனி மேன், டைரக்‌ஷனல் டிரில்லர், மட் இன்ஜினியர், என் போன்றவர்கள் வேறு. தண்ணீர் லாரி, மணல் லாரி, சாப்பாட்டு வண்டி என்று பின்னால் வருபவர்கள் எத்தனையோ. ஒரு ரிக் நின்றால் பக்கத்து ஊரான ஒடெஸாவில் வாடகை வீடுகள் காலியாகத் தொடங்கும். எண்ணெய் உற்பத்தி சாதனை படைத்த வருடங்களிலேயே நண்பர்கள் வேலை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். தொழில் வளர்கிறது என்று செய்தி வாசிக்கும்போது அவர்கள் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. எங்கள் வேலையும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பாறைத் துகளை முப்பது அடிக்கு ஒருமுறை அள்ளிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு, தெரிந்த அடுக்கிலேயே பல மைல் போகும் கிணற்றில், ஆள் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். சிறு முறிவு ஒன்றில் அடுக்கு இருபது அடி மேலேயோ கீழேயோ தள்ளிப் போயிருந்தால், அதற்கு நேரடிச் சாட்சி அந்தத் துகள்தான்.

"மாமா, பெட்ரோலியம் இன்ஜினியரிங் எடுக்கட்டுமா?" என்று அக்கா மகன் கேட்கிறான். 2014இல் இங்கே கல்லூரி வகுப்புகள் நிரம்பி வழிந்தன. அதில் சேர்ந்தவர்கள் வெளியே வந்தபோது விலை சரிந்து கிடந்தது. படிப்புக்கு நான்கு வருடம் வேண்டும், ரிக் கணக்கோ நான்கு மாதத்தில் மாறிவிடும். அதனால் இன்றைய எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதே என்றேன். எடுப்பதானால் நிலவியலையும் விடாமல் படி, லேட்டரலை அடுக்குக்குள்ளேயே நடத்திச் செல்லும் ஜியோஸ்டீயரிங்கைக் கற்றுக்கொள். மூன்று மைல் கிணற்றுக்கும் அந்த ஆள் தேவைப்படுகிறான்.