பக்கத்து மெஷினுக்குப் போக கந்தளாய் சுத்தின கதை

திருகோணமலை உவர்மலையில ஒரு அண்ணைட ஸ்டூடியோவில ரெண்டு சேர்வர், நான்தான் பாக்கிறன். ஒண்டு கலியாணவீட்டுப் படங்களை கஸ்டமர்மார் பாக்கிற கேலரி, மற்றது அந்தப் படங்களுக்கு நகல் எடுத்து வைக்கிற பக்கப். ஒரே ராக்கையில ஒண்டுக்கு மேல ஒண்டு, இடையில ஒரு சாண் கூட இல்ல. ஆனா மூண்டு மாசமா 18ஆம் திகதி ஆகேக்கயே டேட்டா முடிஞ்சுபோகும், அண்ணை "ஆரோ எங்கட வைஃபையைக் களவாப் பாவிக்கிறாங்கள் தம்பி" எண்டு பாஸ்வேர்டை நாலுதரம் மாத்திட்டார், மேல்வீட்டுப் பெடியனில சந்தேகம் வேற.

பிறகு ஒருநாள் பின்னேரம் இன்ரநெற் லைன் போயிட்டுது. அண்டிரவு பக்கப்பும் ஃபெயில். இன்ரநெற் இல்லாட்டி இந்த ரெண்டும் ஏன் கதைக்கேலாமப் போகோணும்?

பாத்தா பிழை என்னிலதான். பக்கப் ஸ்கிரிப்ட்ல கேலரின்ட டொமைன் பேரைக் குடுத்து வச்சிருக்கிறன், அந்தப் பேருக்கு முன்னால சிடிஎன் (பாக்கிற ஆக்களுக்குக் கெதியாக் குடுக்க படங்களை வாங்கி வச்சிருக்கிற வெளிச் சேர்வர்கள்) நிக்குது, அப்ப படமெல்லாம் வெளிய போய் சிடிஎன்னைத் தொட்டுட்டு அதே லைனால திரும்பி வந்து ஒரு சாண் கீழ இருக்கிற டிஸ்க்ல இறங்குது. 40 ஜிபி படம் எண்டா ஏற 40, இறங்க 40, கணக்கில 80. எங்கட அப்லோட் 10 எம்பிபிஎஸ், அது மெகாபிட், எட்டால பிரிச்சா செக்கனுக்கு 1.25 மெகாபைட்தான், 40 ஜிபி ஏற கிட்டத்தட்ட 9 மணித்தியாலம். விடிய அண்ணை கடை திறக்கேக்கயும் ஓடிக்கொண்டிருக்கும்.

ரெண்டு மெஷினிலயும் ரெண்டாவது நெட்வேர்க் போர்ட் சும்மா கிடந்தது. ஒரு மீற்றர் கேட்6 வயரை நேரக் கொழுவினன் (கிகாபிட் போர்ட்டுக்கு உள்வயர் மாத்திக் கட்டின குரொஸ் கேபிள் தேவையில்லை, தானே பிடிச்சுக்கொள்ளும்). கடக்காத்துக்கு ஒரு போர்ட்டுக்குள்ள இருக்கிற பின்னெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடந்தது, சுரண்டித் துடைச்ச பிறகுதான் லைட் எரிஞ்சுது. ஒண்டுக்கு 10.10.10.1, மற்றதுக்கு 10.10.10.2, மாஸ்க் 30, எண்டா ரெண்டு மெஷினுக்கு மட்டும் இடமிருக்கிற சின்ன நெட்வேர்க். 10ல தொடங்கிறதெல்லாம் 1996ல ஆர்எஃப்சி 1918 எண்ட இன்ரநெற் ஆவணத்தில உள்வீட்டுப் பாவனைக்கு ஒதுக்கின ஐபி, வெளி இன்ரநெற்றில போகாது. ரூட்டர் குடுக்கிற 192.168.1ஐ இதுக்கும் போட்டிடாதேங்கோ, எந்த வயரால போறதெண்டு மெஷினுக்கே குழம்பும். கேட்வேயும் (வெளிய போற வழி எண்டு மெஷினுக்குக் காட்டுற ஐபி) குடுக்கக்கூடாது, குடுத்தா வெளிய போற ட்ராஃபிக்கும் இந்த வயருக்குள்ள வந்து முட்டி நிக்கும்.

ஸ்கிரிப்ட்ல டொமைனை எடுத்திட்டு ஐபியைப் போடத்தான் முதல் கை போனது, ஆனா அப்பிடிச் செய்தா இது அந்தத் தளம்தான் எண்டு உறுதிப்படுத்திற சேர்ட்டிஃபிகேட்டில இருக்கிற பேரோட ஒத்துவராம எரர் அடிக்கும், கனபேர் அதில சேர்ட்டிஃபிகேட் செக்கையே நிப்பாட்டிப் போடுவினம், அது எனக்குப் பிடிக்காத வேலை. பேரை அப்பிடியே விட்டிட்டு பக்கப் மெஷின்ட ஹோஸ்ட்ஸ் ஃபைலில (எந்தப் பேருக்கு எந்த ஐபி எண்டு மெஷின் முதல் பாக்கிற பட்டியல்) அந்தப் பேருக்கு 10.10.10.1 எண்டு ஒரு வரி போட்டன். பிங் அடிச்சு மறுமொழி வர எவ்வளவு நேரமெண்டு பாத்தா அரை மில்லிசெக்கன் கூட இல்ல. சந்தோசமா வீட்ட போய்ப் படுத்தாச்சு.

விடியப் பாத்தா 40 ஜிபி திரும்பவும் வெளியால!

பக்கப் சொஃப்ட்வெயார் டொக்கருக்குள்ள, அதாவது மெஷினுக்குள்ளேயே தனியாப் பிரிச்சு வச்ச கொன்டெய்னர் எண்ட பெட்டிக்குள்ள ஓடுது, அதுக்கு தன்ட சொந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல், நான் வெளிய எழுதினதை அது பாக்கவே இல்ல. அந்தக் கொன்டெய்னரின்ட செட்டிங் எழுதிற கொம்போஸ் ஃபைலில எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் எண்டு அதே வரியைப் போட்டு கொன்டெய்னரைத் திரும்ப எழுப்பினன். அண்டைக்கு 40 ஜிபியும் 8 நிமிசத்தில முடிஞ்சுது, அதுவும் டிஸ்க்தான் இழுத்தது, வயர் இல்ல.

அண்ணைட்ட சொன்னன். "அப்ப மேல்வீட்டுப் பெடியன் இல்லையா?" எண்டார், கொஞ்சம் ஏமாந்த மாதிரி.