வாசற்படியில் நின்ற நெருப்பு

அம்மா புதுச்சேரியிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியன் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கிழக்குக் கரைச் சாலையில் கரும்புத் தோட்டங்களைத் தாண்டிப் போகும்போது, வழியோரச் சிவப்புக் கூண்டுகளைக் காட்டி, "இது எந்தச் சாமி?" என்று கேட்டார். புனித எக்ஸ்பெதீத். தமிழ்நாட்டு வழி வந்த மல்பார் குடும்பங்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்றேன். அம்மாவுக்கு அதில் வியப்பே இல்லை.

நாங்கள் போனது பித்தோன் சேந்த்-ரோஸ் கிராமத்து நோத்ர்-தாம்-தே-லாவ் மாதா கோயிலுக்கு. லாவ் என்றால் பிரெஞ்சில் லாவா, அதாவது எரிமலைக் குழம்பு. அம்மா ஒரே நொடியில் "லாவா மாதா" என்று பெயர் வைத்துவிட்டார்.

சின்னக் கோயில்தான். பெரிய வேலைப்பாடு எதுவும் கிடையாது. ஆனால் அதைச் சுற்றி, எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கும் கருங்கல்லைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. 1977 ஏப்ரல் 10 ஈஸ்டர். அதே வாரம் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை ஊர்ப்பக்கம் உடைத்துக்கொண்டது. வழக்கமாக அதன் குழம்பு ஆளில்லாத பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் சேரும். அந்த முறை அப்படி இல்லை. ஊரைக் காலி செய்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின, எதிரே இருந்த காவல் நிலையமும் போனது. கோயில் முன்னால் வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. ஒரு பகுதி வாசலுக்குள் தலை நீட்டி, அங்கேயே ஆறிப்போனது. இந்தப் பெயர் அதற்கு அப்புறம் வந்ததுதான்.

குழம்பின் ஓரம் இறுகினால் அதுவே கரையாகிவிடும், பின்னால் வருவது திசை மாறும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், அந்த வாசலில் நின்றபோது என் கை தானாகச் சிலுவை போட்டது. எத்தனையோ இடம் இருக்க, இந்தப் படியிலா இறுக வேண்டும்?

உள்ளே பழைய செய்தித்தாள் துண்டுகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களிலும் அந்தக் குழம்பின் கதைதான். நான் அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அம்மா பக்கச் சுவரோரம் குனிந்து கருங்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரை அவர் அப்படித்தான் தொட்டு ஒற்றிக்கொள்வார். கல் வெடிப்பில் பெரணிச் செடி பச்சையாக முளைத்திருந்தது.

தூறல் போட ஆரம்பித்தது. காருக்குக் கூப்பிட்டேன். செபமாலையில் இன்னும் இரண்டு பத்து மணி பாக்கி இருக்கிறது என்று சைகை காட்டினார். சரி என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.